சொந்த எடையில்

லிஃப்டை இறக்கச் சொன்னேன்.
ஃபோர்மேன் சஜீவுக்குப் பிடிக்கவில்லை.
வண்டி தலைக்கு மேல் நின்றால்
நின்றபடியே வெல்டு பிடிக்கலாம்,
எதற்கு மல்லாந்து படுத்து
மூஞ்சியில் நெருப்பு வாங்குகிறாய்?

நியாயம்தான்.
ஆனால் நாலு சக்கரமும் தொங்கும்போது
இந்த வண்டி இந்த வண்டியே இல்லை.
வலது கதவைச் சாத்திப் பாருங்க சேட்டா, என்றேன்.
சாத்தினார்.
ஒரு விரற்கடை தள்ளிக்
கடித்துக்கொண்டு நின்றது கதவு.
தொங்கும்போது பற்றவைத்தால்
தொங்கலே நிலைத்துவிடும்.

(என் கல்யாணம் இருபத்திரண்டு நாள் லீவில் நடந்தது.
இருவரும் அந்தரத்தில் இருக்கையிலேயே
பற்றவைத்துவிட்டார்கள்.
ஆறு வருஷமாய் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை.
இதைச் சஜீவிடம் சொல்லவில்லை.)

எழுபத்தொன்றாம் வருஷத்து மஸ்டாங்.
முன்னால் ஒரு சட்டம், எஞ்சினுக்கு.
பின்னால் ஒரு சட்டம், அச்சுக்கு.
நடுவில் ஆள் உட்காரும் இடத்தில்
பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் கனத்த தகரம்.
அவ்வளவுதான் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை.
வியாழன் ராத்திரிகளில் பச்சை விழுந்ததும்
மிஷாரி மிதிக்கிற மிதிக்கு
முன்பாதி ஒரு பக்கம் திரும்பும், பின்பாதி இன்னொரு பக்கம்.
கண்ணாடியின் கீழ் மூலையில் கிளம்பிய விரிசல்
இப்போது அவன் புருவ உயரத்துக்கு ஏறிவிட்டது.

ஷுவைக்கில் ஜூன்.
கூரைத் தகரம் தானாகவே முனகுகிற பகல்.
பேட்டரியைக் கழற்றினோம், சீட்டுகளைக் கழற்றினோம்.
கார்பெட்டை உரித்தால்
மூன்று பேரீச்சங்கொட்டை, நூறு ஃபில்ஸ்,
ஒற்றைக் கம்மல்.
மிஷாரி கம்மலை மட்டும் எடுத்து
யாருடையது என்று எங்களையே கேட்பதுபோல் பார்த்துவிட்டுத்
திஷ்டாஷா பைக்குள் போட்டுக்கொண்டான்.

தார்ப்பூச்சு போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர்.
பெட்ரோல் பைப்பை ஒதுக்கிக் கட்டி
அதன்மேல் ஈரச் சாக்கு.
நாலு சக்கரத்துக்கும் சாய்தளம்.
ஓட்டுகிறவன் எடையும் இருக்கணும் என்றேன்.
மிஷாரி நூறு கிலோ.
ஷஃபீக்குல் அறுபத்திரண்டு.
மெஸ்ஸிலிருந்து நாற்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து
அவன் மடியில் வைத்தோம்.
கையில் தண்ணீர் பாட்டில்,
தீ பார்க்கும் வேலையும் அவனுக்கே.

பிறகு நான் அடியில்.
சதுரக் குழாயை ஜாக்கி முட்டுக்கொடுத்துச் சட்டத்தோடு ஒட்டி
ஒரு புள்ளி வை, நகரு, எதிர்ப்பக்கம் போ.
ஒரே இழுப்பாய் இழுத்தால்
சூட்டில் இரும்பு முறுக்கிக்கொள்ளும்.
இங்கே ஒரு விரல் நீளம், அங்கே ஒரு விரல் நீளம்.
ஆறட்டும்.
பொறி ஒன்று கழுத்துப் பட்டைக்குள் இறங்கித்
தோள் வழியே நிதானமாகப் போனது.
கை அசையக் கூடாது. அசையவில்லை.

ஆகுன்! பாய், ஆகுன்!

ஓரத்தில் விட்டுப்போன சணல் துண்டு புகைந்திருக்கிறது.
ஷஃபீக்குல் பதறி எழுந்ததில்
தண்ணீர் பாதி நெருப்பில், பாதி தன்மேல்,
மூட்டை கிழிந்து அரிசி எங்கும்.
ரப்பர் மூடி கழன்ற ஓட்டை வழியாகச்
சுடச்சுட என் நெஞ்சில் கொட்டியது.
நெருப்பு அணைந்தது.
வெல்டு பிடித்த கோட்டின்மேல்
நாலைந்து மணி பொரிந்து
கராஜ் முழுக்கப் பொரி வாசனை.
மிஷாரி ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.
உப்பில்லை என்றான் அரபியில்.

மாலை, முன்சக்கரத்துக்குப் பின்னால்
ஜாக்கி வைத்து ஏற்றினேன்.
முன்சக்கரம் தரையைவிட்டது.
இன்னும் இரண்டு அடி அடித்தேன்.
பின்சக்கரமும் கூடவே எழுந்தது.
சஜீவ் ஒன்றும் சொல்லாமல் போய்
வலது கதவைத் திறந்து சாத்தினார்.
மறுபடி திறந்து, மறுபடி சாத்தினார்.

ராத்திரி அவளிடமிருந்து ஃபோன்.
வேலை முடிஞ்சுதா என்பாள், முடிஞ்சுது என்பேன்,
அதோடு சரி.
இன்றைக்குத் தோளில் இறங்கிய பொறியைச் சொன்னேன்.
வலிக்கிறது என்றும் சொன்னேன்.
அரிசியைச் சொன்னதும் சிரித்தாள்.
பிறகு நான் கேட்காமலே
கூட்டுறவு பேங்க் நோட்டீஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்,
எட்டு மாசமாய்ப் பீரோவில் வைத்திருந்ததை.

எவ்வளவு என்று கேட்டேன்.